மேலே மிதந்தது கொட்டப்பட்டது

"1897 பிப்ரவரி 16, செவ்வாய். சாம்பல் மேடு, மூன்றாம் குழி, ஆழம் இரண்டடி நான்கு அங்குலம். பதினாறு மரவை கழுவியது. தங்கம் இல்லை. மேலே மிதந்தது கொட்டப்பட்டது."

என் கள நோட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில், என் கையெழுத்தில் இருக்கும் குறிப்பு இது. அதற்கு முந்திய பத்து வேலை நாட்களின் குறிப்புகளும் இதே கடைசி வாக்கியத்தோடுதான் முடிகின்றன. பதினோரு நாள் ஒரே வாக்கியத்தை எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன். என் இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் நான் செய்த மிகப் பெரிய தவறு அந்த வாக்கியம். மிகப் பெரிய வெற்றியும் அதற்குள்ளிருந்துதான் வந்தது.

சர்வே ஆபீஸில் இப்போது என் நாற்காலியில் இருப்பவர் சென்ற மாதம் ஒரு கடிதம் போட்டிருந்தார். பழைய வரைபடங்களைப் புதுத் துணியில் பெயர்த்து வரைகிறார்களாம். "மேற்கு எல்லையில் ஷாப்டுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. ஒன்று மட்டும் இருநூற்றுப் பத்தடி விலகி நிற்கிறது. அளவில் பிழை போலும். திருத்தி வரையலாமா?" என்று கேட்டிருந்தார். ஷாப்ட் என்பது சுரங்கத்துக்குள் இறங்கும் நேர்க்குழி. பிழையில்லை, திருத்த வேண்டாம் என்று அன்றைய தபாலிலேயே பதில் அனுப்பிவிட்டேன். காரணத்தை ஒரு கார்டில் அடக்க முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் தங்க வயலுக்கு வந்தது 1886 ஜூனில். அப்போது ரயில் பவுரிங்பேட்டையோடு சரி. மிச்சத் தூரம் மாட்டு வண்டி. குடியாத்தம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் இருந்தும், கிடைத்தது நில அளவைச் சங்கிலி இழுக்கும் வேலைதான். மூன்று வருஷம் சங்கிலி, இரண்டு வருஷம் அளவுகோல், பிறகு வரைபடம், அதன் பின் ரைட்டர். இதற்கு மேல் அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் என் மேலதிகாரியைப் பற்றித்தான்.

சீமையில் ஈயச் சுரங்கத்துக்குள் பத்து வயதிலேயே இறங்கியவர் அவர். சுரங்கத் தலைவர்களை அவர்கள் ஊரில் கேப்டன் என்பார்கள். நாங்கள் கேப்டன் துரை என்றோம். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோட்டின் இடது பையில் பூதக்கண்ணாடி, வலது பையில் பெப்பர்மின்ட். எதைச் சொன்னாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை?" என்பதுதான். திருப்தி என்றால் "எழுது" என்பார்; இல்லையென்றால் "அடி" என்பார். அடிப்பதென்றால் ஒற்றைக் கோடு, அடியில் இருப்பது படிக்கும்படி. ரப்பர் வைத்திருந்த ஒருவரை அவர் ஒரே நாளில் வேறு ஆபீஸுக்கு மாற்றியது எனக்குத் தெரியும். வேலை நடக்கும் இடத்துக்கு வந்ததும் நோட்டை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே நேரம் போட்டுத் தன் இனிஷியலை இடுவார். அதற்கு மேலே இனி யாரும் ஒரு சொல்லும் சேர்க்க முடியாது.

தங்கம் கழுவுவதிலும் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. மரவை என்பது நடுவில் குழிந்த மரத்தட்டு. மண்ணை அதில் போட்டுத் தண்ணீரில் அலசி அலசிச் சுழற்றினால் லேசானது விளிம்பு தாண்டிப் போகும். கனமானது அடியில் தங்கும். தங்கம் கனம், ஆகவே கடைசியில் மிஞ்சுவது தங்கம். ஆனால் சுரங்கத் தாதுவைக் கழுவிய மரவையின் மர நரம்பில் ஒரு பொடி ஒளிந்திருந்து, அடுத்த மண்ணைக் கழுவும்போது வெளியே வரலாம். அதனால் புது மண்ணைத் தொடும் முன் மரவையைக் கரியும் மணலும் போட்டுத் தேய்த்து, சுத்தமான ஆற்று மணலை ஒரு தரம் கழுவிப் பார்க்க வேண்டும். மணலில் ஒன்றும் வரவில்லை என்றால்தான் மரவை சுத்தம். "அழுக்கு மரவையின் தங்கம் தங்கமே அல்ல" என்பார்.

சாம்பல் மேடு என்பது மேற்கு எல்லையில், பாறைக் குன்றின் அடியில், ஓர் ஆள் உயரத்துக்கு எழுந்த திடல். மழை பெய்தால் பானை ஓடுகள் தலைகாட்டும். அதை ஒட்டிய பாறைகளில் முழ நீளத்துக்கு வழவழவென்று பள்ளங்கள் இருந்தன. மேட்டில் பெரிய அரைகல் ஒன்று பாதி புதைந்து கிடந்தது.

இந்த ஊரில் அரைகல்லைப் பார்த்தால் யாருக்கும் ஒரே நினைப்புதான் வரும். கம்பெனிகள் இங்கே பிழைத்ததே, பழங்காலத்து ஆட்கள் தோண்டிவிட்டுப் போன குழிகளைப் பின்தொடர்ந்து இறங்கியதால்தான். பழைய குழி இருந்தால் கீழே தங்கம். அரைகல் இருந்தால் அங்கே தாது அரைத்திருக்கிறார்கள். தாது அரைத்த இடத்தின் பக்கத்தில் தங்கம். கேப்டன் துரையும் அப்படித்தான் கணக்குப் போட்டார். பிப்ரவரி 4, வியாழன் முதல் குழி வெட்டிச் சாம்பலைக் கழுவிப் பார்ப்பது; பிறகு மேட்டின் நடுவில் ஷாப்ட் இறக்குவது; பாறைகளை உடைத்து எஞ்சின் கட்டடத்துக்கு அஸ்திவாரம் போடுவது. இதுதான் திட்டம்.

கழுவ வந்தவர் முனியம்மா. வேலூர்ப் பக்கத்திலிருந்து புருஷனோடு வந்தவர். புருஷன் ஷாப்டுக்குள், இவர் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில். மரவை பிடிப்பதில் அவருக்கு நிகராக இன்னொருவரை நான் பார்த்ததில்லை. கேப்டன் துரை என்னிடம் இங்கிலீஷில் பேசுவார். முனியம்மாவிடம் பேசுவதைத் தமிழ் என்று நம்பினார்.

முதல் வாரத்திலேயே குழிகள் எனக்கு வேறு கதை சொல்லத் தொடங்கின. களிமண் இடித்துக் கெட்டித்த தரை. அதைச் சுற்றி வட்டமாகக் கம்பம் நட்ட துளைகள். துளைக்குள் கம்பம் ஆடாமலிருக்கச் செருகிய சில்லுக் கற்கள். தரையின் நடுவில் மூன்று கல் அடுப்பு, கருகியபடியே. சாம்பல் நிறப் பானை ஓடுகள். வெட்டுத் தழும்போடு மாட்டெலும்பு. உள்ளங்கைக்குள் அடங்கும் கல் கோடரிகள் நான்கு. மெருகு போட்டது போன்ற வாய். அவற்றில் ஒன்றைக் கொண்டுபோய்ப் பாறைப் பள்ளத்தில் வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. பள்ளங்கள் கோடரி தீட்டத் தீட்ட விழுந்தவை. இரும்பு ஒரு ஆணியளவுகூட எங்கும் இல்லை. இரும்பு அறியாத, கல்லை மெருகிட்டு வாழ்ந்த மனிதரைப் பற்றிக் கேப்டன் துரையின் அலமாரியிலிருந்த ஆராய்ச்சிச் சங்க வெளியீடுகளில் படித்திருந்தேன். அவர்களுடைய அடுப்புக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அரைகல்லைப் பற்றி முனியம்மா முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இன்னா ரைட்டரே, கல்லைப் போட்டு அரைச்ச கல்லு இப்பிடியா வழவழன்னு இருக்கும்? எங்க தாது மில்லாண்ட வந்து பாருங்க, அம்மை போட்ட மூஞ்சி கணக்கா இருக்கும். இது சோத்துக்கு அரைச்ச கல்லு. தோ, முட்டி போட்டா எனக்கே சரியா கீது."

மண்டியிட்டுக் காட்டினார். தரையில் முட்டி படும் இடத்தில் இரண்டு சிறு குழிவுகள் இருந்தன. அளந்து எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரி 17, புதன் காலை பத்து மணிக்கு ஆபீஸில் துரையிடம் சொன்னேன்: "அது தாதுப் பட்டறை இல்லை சார், வீடு."

"எத்தனை மரவை?"

"நூற்று எழுபத்தொன்று. தங்கம் ஒன்றிலும் இல்லை."

"தங்கம் இல்லை என்பது வீட்டுக்குச் சாட்சி ஆகாது. அடுப்பு பட்டறையிலும் இருக்கும். என் ஆட்களும் மாடு தின்று எலும்பு போடுகிறார்கள்." ஒரு பெப்பர்மின்டை வாயில் போட்டுக்கொண்டார். "அரைகல் இருக்கிறது. அதில் தாது அரைக்கவில்லை என்றால் வேறு என்ன அரைத்தார்கள்? அதைக் காட்டு. திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பாறையில் வெடி."

"காட்ட முடியாவிட்டால்?"

"ஊகத்தை அளவு என்று சொல்கிறவனுக்கு நாற்காலி எதற்கு? சங்கிலி இழுக்கலாம்."

கோபமில்லாமல், மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னார்.

மறுநாள் நான் மேட்டில் நின்றேனே தவிர, தேடுவது என்ன என்றே தெரியவில்லை. எத்தனையோ நூறு வருஷங்களுக்கு முன் அரைத்த மாவை எங்கே போய்த் தேடுவது? பதினோரு மணி இருக்கும். முனியம்மா வேலையை நிறுத்தி, ஈரக் கையை வெயிலில் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை கறுப்புக் கறுப்பாக எதுவோ ஒட்டியிருந்தது.

"ரைட்டரே, இங்க வாங்க. இது இன்னா, கொள்ளு மாதிரி கீது?"

"கரித்துண்டாக இருக்கும்."

"கரிக்கு எங்கனாச்சும் வயித்துல கோடு இருக்குமா? முந்தாநேத்து நான் வறுக்கறப்போ பாதிக் கொள்ளு தீஞ்சிப்போச்சி. எம் புருஷன் திட்டிகினே பொறுக்கினாரு. இதே மூஞ்சிதான்."

என் பெட்டியிலிருந்த பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சப்பையான, சிறுநீரக வடிவம், ஓரத்தில் முளைக்கண். கொள்ளேதான், கருகிப்போன கொள்ளு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கருகிய தானியம் லேசானது. தண்ணீரில் போட்டவுடன் அது மேலே வந்துவிடும். தங்கம் தேடுகிறவன் முதல் சுழற்றிலேயே தள்ளிவிடுவது அதைத்தான். அடியில் இருப்பதை மட்டும் பார்க்கப் பழகிய நாங்கள், பதினோரு நாளாகத் தேடியதைப் பதினோரு நாளாகக் கொட்டிக்கொண்டிருந்தோம். நான் அதைத் தேதி போட்டு எழுதியும் வைத்திருந்தேன்.

தொட்டியின் ஓரத்தில் காய்ந்து கிடந்த நுரைப் பொருக்கைப் பெயர்த்துப் பார்த்தோம். நூற்றுக்கணக்கில் இருந்தன. ஆனால் எது எந்தக் குழி, எந்த ஆழம் என்று பிரம்மாவே வந்தாலும் சொல்ல முடியாது. அவ்வளவையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு "இடம் தெரியாது" என்று சீட்டு ஒட்டினேன். என் வாழ்க்கையில் நான் ஒட்டிய சீட்டுகளில் மிகவும் வெட்கத்தோடு ஒட்டியது அது.

வெள்ளிக்கிழமை ஒரு சோதனை செய்தேன். கடைக் கொள்ளு ஒரு பிடியைச் சட்டியில் மூடி, வறட்டிச் சாம்பலுக்குள் புதைத்துக் கருக வைத்து, தண்ணீரில் போட்டேன். மிதந்தது. பழையதையும் புதியதையும் ஒரே காகிதத்தில் வைத்தால் அளவில்தான் சற்று வேற்றுமை, பழையது சிறியது. ஆனால் இது எதுவும் துரைக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். நேற்று யாரோ போட்ட கொள்ளாக இருக்கலாமே என்பார். யார் கையும் படாத சாம்பலை அவர் கண் முன்னால் கழுவ வேண்டும்.

பிப்ரவரி 22, திங்கள். தண்ணீர் வண்டி ஆறு மணிக்கு வந்திருக்க வேண்டும். ஏழே முக்காலுக்கு வந்தது, அதுவும் ஒரே பீப்பாயோடு. கையில் இருந்த ஒரே மரவை, சனிக்கிழமை மாலை ஷாப்ட் தாது கழுவியது. அதைத் தேய்த்து மணலில் சோதித்தால் தண்ணீர் தீர்ந்துவிடும்; சாம்பலுக்கு மிஞ்சாது. நான் தேடுவது தங்கம் இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு நோட்டில் எழுதினேன்: "காலை 7.45. தண்ணீர் ஒரு பீப்பாய். சனிக்கிழமை மரவை. மணல் சோதனை செய்யவில்லை. பொறுப்பு நான்."

எட்டு மணிக்குத் துரை வந்தார். நோட்டை வாங்கினார், வழக்கம்போல் கடைசி வரிக்குக் கீழே நேரம் போட்டு இனிஷியல் இட்டுத் திருப்பிக் கொடுத்தார். வெடி மேஸ்திரி அந்தோணி தன் ஆட்களோடு பாறையருகே ஏற்கெனவே துளை போட்டுக் காத்திருந்தான்.

"ரைட்டரே, உங்க கொள்ளு வேகறதுக்குள்ள என் மருந்து நமுத்துப்பூடும் போலக்குதே!"

"உன் மருந்து நமுத்தா ரசம் வச்சிக் குடி போ" என்றார் முனியம்மா. ஆட்கள் சிரித்தார்கள்.

துரை கைத்தடியால் ஓரிடத்தைக் காட்டினார். அரைகல்லுக்கும் அடுப்புக்கும் நடுவில், நாங்கள் வெட்டாமல் விட்டிருந்த சுவர். மேல் தரையின் களிமண் பெயராமல் மூடியிருந்த சாம்பல். அவரே கரண்டியால் வெட்டி மரவையில் போட்டார். "முனியம்மா, நீ... மெல்ல... தண்ணி... சலாம்" என்றார்.

"சரி தொர" என்றார் முனியம்மா, எல்லாம் புரிந்ததுபோல.

துரையின் வெள்ளைக் கைக்குட்டையைத் தொட்டி மேல் விரித்துப் பிடித்தேன். முனியம்மா மரவையை ஒரு சுற்றுச் சுற்றி, வாழ்நாளெல்லாம் கொட்டியதை முதல் தடவையாகப் பத்திரமாகச் சாய்த்தார். நுரை வடிந்தது. துணியில் கறுப்புப் புள்ளிகள். துரை பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"எத்தனை?"

எண்ணினேன். கொள்ளு இருபத்தாறு. பச்சைப் பயறு ஒன்பது. சாமையைப் போன்ற சிறுதானியம் ஐம்பத்து மூன்று. "சாமையைப் போன்ற" என்றுதான் எழுதினேன்.

எனக்குக் கால் தரையில் இல்லை. அந்த நேரத்தில் முனியம்மாவின் கை, பழக்க தோஷம், நிற்காமல் மிச்ச மண்ணைச் சுழற்றிக்கொண்டே இருந்தது. சட்டென்று நின்றது.

"தொர," என்றார் மெதுவாக. மரவையின் குழிவில், கடுகில் பாதியளவு, மஞ்சளாக ஒன்று மின்னியது.

"தங்கம்!" என்று அந்தோணி கத்தினான். "அடிச்சது பாரு! டேய், மருந்தைத் திணிங்கடா!"

பதினோரு நாள் நூற்று எழுபத்தொரு மரவையில் வராதது, அந்த ஒரு மரவையில் வந்தது. எண்ணிக்கைக்குக் கீழே அதையும் ஒரு வரியாக எழுதினேன். துரைக்கு வேண்டியதும் அதுதான். சோதிக்காத மரவை என்று நான் வாய் திறந்து சொன்னால், தோற்கிறவன் சொல்லும் சாக்கு என்றே அது கேட்கும். ஆனாலும் சொன்னேன்: "சார், மரவை சோதிக்கப்படவில்லை. சனிக்கிழமைத் தாது கழுவியது."

"உனக்குச் சாதகம் என்பதால் இப்போது சொல்கிறாய்."

"எழுதியிருக்கிறேன்."

நோட்டை நீட்டினேன். வாங்கிப் படித்தார். 7.45 வரி. அதற்குக் கீழே எட்டு மணி, அவருடைய இனிஷியல். தன் கையெழுத்தையே யாரோ அந்நியன் போட்டதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். பாறையில் மருந்து திணிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"அழுக்கு மரவை" என்றார் கடைசியில். "அடி."

தங்கத்தின் வரியை ஒற்றைக் கோட்டால் அடித்தேன். பிறகு அவர் திரும்பி, அந்தோணியிடம், வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பிழையில்லாத தமிழில் சொன்னார்: "மருந்தை வெளியே எடு."

மூன்று நாள் தந்தார். புது மரவை, மூன்று பீப்பாய் தண்ணீர், ஒவ்வொரு மண்ணுக்கும் முன்னால் மணல் சோதனை. வியாழன் மாலைவரை அறுபத்து நான்கு மரவை. தானியம் அறுபத்தொன்றில். தங்கம் ஒன்றிலும் இல்லை. அரைகல்லைச் சுற்றித்தான் தானியம் அதிகம். அடுப்பிலிருந்து விலக விலகக் குறைந்தது. ஒவ்வொரு அடிக்கும் எண்ணிக்கை போட்டு வரைந்தபோது, காகிதத்தில் ஒரு சமையலறை தானாகவே எழுந்து நின்றது. யாரோ இங்கே உட்கார்ந்து அரைத்தார்கள், இங்கே வறுத்தார்கள், ஒரு நாள், முனியம்மாவைப் போலவே, கவனம் தப்பித் தீய விட்டார்கள். அந்தக் கவனக் குறைவு இல்லையென்றால் அவர்கள் சாப்பாட்டைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

பிப்ரவரி 25 மாலை, துரை மேட்டின் நடுவில் ஷாப்டுக்கு இடம் குறித்து நட்டிருந்த கொடியைத் தானே பிடுங்கி நடந்தார். நான் சங்கிலி பிடித்தேன். கீழிறக்கப்பட்டு அல்ல, அவர் முனையை என் கையில் கொடுத்ததால். இருநூற்றுப் பத்தடியில் நட்டார். வரைபடத்தில் மேட்டைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போடச் சொன்னார். "குடியிருப்பு. தொடக் கூடாது. எழுது."

அன்று முனியம்மா அந்த மேட்டுக்குப் பக்கத்திலேயே மூன்று கல் கூட்டிக் கொள்ளு வேக வைத்தார். துரைக்கும் ஒரு தொன்னையில் கொடுத்தார்.

"எங்க ஆபீஸ் குதிரைக்கு வைக்கறதாச்சே!" என்றான் அந்தோணி.

"குதிரை பேசாம தின்னும். நீயும் அப்பிடித் தின்னு" என்றார் முனியம்மா. துரை தொன்னையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டார். "எத்தனை?" என்று நான் கேட்டேன். இருபது வருஷம் அவரோடு வேலை செய்த நான், அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தது அன்றுதான்.

ஆகவே, என் நாற்காலியில் இருப்பவருக்கு: கோட்டை நேராக்க வேண்டாம். அது வளைய வேண்டிய இடத்தில்தான் வளைந்திருக்கிறது.

ஒன்று பாக்கி. நோட்டில் அடிக்கப்பட்ட அந்தத் தங்கப் பொடியைத் துரை எறியச் சொல்லவில்லை. நோட்டின் நாற்பத்து நான்காம் பக்கத்தில் மடித்த காகிதத்துக்குள் இன்னும் இருக்கிறது. சனிக்கிழமைத் தாதுவிலிருந்து மரத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். வந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். அல்லது அந்த அடுப்படியில் யாரோ ஒருவர் ஓடையில் மின்னிய ஒன்றைப் பொறுக்கி வந்து, அதற்கு என்ன உபயோகம் என்று தெரியாமல், கொள்ளு அரைக்கிற இடத்தில் தவற விட்டிருக்கலாம். தங்கத்தின் மேலேயே குடியிருந்த அந்த மக்கள் அதைக் கண்ணால் பார்த்திருந்தார்களா? சரிபார்க்கப்படவில்லை.